ரிச்சி தெருவில் வாங்கிய டி480: எல்லாவற்றையும் அழித்து விண்டோஸ் போட்டேன், யாரோ ஒரு கம்பெனி என்னை வரவேற்கிறது

கரிசல்மண்

வணக்கம். தங்கச்சி இந்த வருஷம் பி.காம் சேர்ந்திருக்கிறாள். கணக்கு எழுதும் டேலியும் எக்செல்லும் ஓடினால் போதும் என்று போன சனிக்கிழமை சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு பழைய திங்க்பேட் டி480 வாங்கி வந்தேன். எட்டாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம், 256 ஜிபி எஸ்எஸ்டி, விலை பத்தொன்பதாயிரத்து ஐந்நூறு. கடையில் ஆன் செய்து காட்டியபோது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. விண்டோஸ் 10, ஆபீஸ், கேட்காமலே போட்டோஷாப் வரைக்கும் ஏற்றி வைத்திருந்தார்கள். "எல்லாம் லைஃப்டைம் ஆக்டிவேட் பண்ணியாச்சு தம்பி" என்றார் கடைக்காரர். அதைக் கேட்டதும்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

வீட்டுக்கு வந்து செட்டிங்ஸில் ஆக்டிவேஷன் பக்கத்தைப் பார்த்தால் "உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் இயக்கப்பட்டது" என்கிற மாதிரி இருந்தது. எனக்கு ஏது நிறுவனம், அப்பாவுக்கு ஒரு பெட்டிக்கடை இருக்கிறது, அவ்வளவுதான். சரி, மொத்தத்தையும் துடைத்துவிடலாம் என்று மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து மீடியா கிரியேஷன் டூலை எடுத்து, 8 ஜிபி பென்டிரைவில் விண்டோஸ் 11 ஏற்றி, லெனோவோ எழுத்து வந்ததும் எஃப்12 தட்டி, பென்டிரைவைத் தேர்ந்தெடுத்து, இருந்த பார்ட்டிஷன்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக டெலீட் செய்து ஒரே வெற்றிடமாக ஆன பிறகு நெக்ஸ்ட் கொடுத்தேன். அரை மணி நேரம் கூட ஆகவில்லை. எந்த நாடு, எந்தக் கீபோர்டு என்று கேட்டது, வைஃபை கேட்டது, பாஸ்வேர்டு கொடுத்தேன். ஏதோ அப்டேட் தேடிவிட்டு, ஒரு பெரிய கம்பெனியின் லோகோவைப் போட்டு "நல்வரவு, உங்கள் அலுவலக மின்னஞ்சலைக் கொடுங்கள்" என்று வந்து நிற்கிறது. தாண்டிப் போக வழியே இல்லை. கம்பெனிப் பெயரை இங்கே போட வேண்டாம் என்று நினைக்கிறேன்.

மறுபடி அழித்துப் போட்டேன், மறுபடியும் அதே லோகோ. டிஸ்க்கில் ஒன்றுமே இல்லாதபோது இது எங்கே உட்கார்ந்திருக்கிறது? எஸ்எஸ்டியை மாற்றினால் போகுமா?

சும்மாபடிப்பவன்

வைரஸா இருக்கும் நண்பா. புது எஸ்எஸ்டி போட்டுப் பாருங்க, 256 ஜிபி ஒன்றும் பெரிய விலை இல்லை.

சிவப்புக்குமிழ்

வைரஸ் இல்லை, எஸ்எஸ்டி மாற்றினாலும் போகாது. காசை வீணாக்காதீர்கள்.

இதற்குப் பெயர் ஆட்டோபைலட். பெரிய கம்பெனிகள் ஆயிரக்கணக்கில் லேப்டாப் வாங்கும்போது ஒவ்வொன்றையும் ஐடி ஆட்கள் உட்கார்ந்து செட் செய்ய முடியாது அல்லவா, அதனால் ஒவ்வொரு மெஷினின் வன்பொருள் அடையாளத்தையும் மைக்ரோசாஃப்டின் சர்வரில் தங்கள் பெயரில் பதிந்து வைத்துவிடுவார்கள். ஊழியர் வீட்டில் பெட்டியைப் பிரித்து வைஃபை கொடுத்ததும், மெஷின் அங்கே போய் "நான் யாருடைய ஆள்?" என்று கேட்கும், பதில் வரும், கம்பெனியின் லோகோ வரும். உங்கள் லேப்டாப் இன்னும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. பூட்டு உங்கள் கையில் இருக்கும் டிஸ்க்கில் இல்லை, எங்கோ இருக்கிற சர்வரில் இருக்கிறது. அடையாளம் பெரும்பாலும் மதர்போர்டைச் சார்ந்தது, அதனால்தான் எஸ்எஸ்டி மாற்றிப் பயனில்லை. பட்டியலிலிருந்து நீக்க வேண்டியது அந்தக் கம்பெனியின் ஐடி ஆட்கள்.

விண்டோஸைத் துடைத்தது மிகச் சரியான வேலை, அதற்காக வருத்தப்படாதீர்கள். என் சித்தப்பா பையன் இதே மாதிரி "எல்லாம் ஆக்டிவேட் ஆகிவிட்டது" லேப்டாப் ஒன்று வாங்கினான். விண்டோஸ் செக்யூரிட்டிக்குள் போய் டிஃபெண்டரின் (விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான்) விலக்குப் பட்டியலைத் திறந்து பார்த்தால் முழு சி டிரைவும் அதில் இருந்தது. அதாவது வாசலில் காவல்காரன் நிற்கிறான், வீட்டுக்குள் மட்டும் எட்டிப் பார்க்கக் கூடாது என்று அவனிடம் சொல்லி வைத்திருக்கிறார்கள். லைசென்ஸ் இல்லாமலே ஆக்டிவேட் செய்ய ஆக்டிவேட்டர் என்று ஏற்றும் சாமான்கள் தங்களைப் பிடிக்காமல் இருக்க இப்படிச் செய்துகொள்ளும், கூட வேறென்ன நுழைந்ததோ யாருக்குத் தெரியும். அவன் அதில் மூன்று மாதம் பேங்க் வேலை பார்த்திருந்தான்.

கரிசல்மண்

> அந்தக் கம்பெனியின் ஐடி ஆட்கள்

அவர்கள் யாரென்றே தெரியாதே அண்ணே. அப்படியானால் கடையில் எப்படி ஓடியது? அங்கே லோகோ எதுவும் வரவில்லையே?

பழையசரக்கு

தம்பி, நான் இந்தத் தொழிலில்தான் இருக்கிறேன், சென்னை இல்லை, வேறு ஊர். கடையில் எப்படி ஓடியது என்பதை நான் சொல்கிறேன்.

எங்களுக்குச் சரக்கு லாட் லாட்டாக வரும். மூன்று நான்கு வருஷம் லீஸில் ஓடிய லேப்டாப்புகளைக் கம்பெனிகள் கழிக்கும்போது மொத்த வியாபாரி ஏலத்தில் எடுத்து, அவரிடமிருந்து எங்களுக்கு முப்பது, ஐம்பது என்று வரும். ஒவ்வொன்றிலும் விண்டோஸை உட்கார்ந்து போட மாட்டார்கள். ஒரு மெஷினில் எல்லாம் ஏற்றி, அதை அப்படியே க்ளோன் செய்து மற்ற டிஸ்க்குகளில் இறக்கிவிடுவார்கள், பத்து நிமிஷத்தில் ஒன்று முடியும். இந்த ஆட்டோபைலட் கேள்வி முதல்முறை செட்டப் ஓடும்போது மட்டும்தான் வரும். க்ளோன் செய்ததில் அந்தக் கட்டமே ஏற்கெனவே தாண்டியாகிவிட்டது, அதனால் கடையில் கடைசிவரை தெரியாது. வீட்டில் நீங்கள் ஒழுங்காகப் புதிதாகப் போடும்போதுதான் பூதம் கிளம்பும்.

பாதிக் கடைக்காரர்களுக்கே இது தெரியாது. கம்பெனிக்காரன் டிஸ்க்கை அழிப்பதில் காட்டுகிற அக்கறையைப் பட்டியலில் இருந்து பெயர் எடுப்பதில் காட்டுவதில்லை. எங்கள் லாட்டில் ஒருமுறை பதினொரு பீஸ் இப்படி வந்தது. மொத்த வியாபாரி மூலமாக சீரியல் நம்பர் அனுப்பி அந்தக் கம்பெனி ஆளைப் பிடித்து நீக்கச் சொல்ல ஐந்து வாரம் ஆயிற்று. நீங்கள் நேரடியாக எழுதினால் பதில் வருவது கஷ்டம். பில் இருக்கிறதா? இருந்தால் கடைக்குத் திரும்பக் கொண்டு போங்கள், அதுதான் வழி.

சும்மாபடிப்பவன்

எதுக்கு அலையணும்? நெட் கொடுக்காம இன்ஸ்டால் பண்ணிட்டா அந்த ஸ்க்ரீனே வராது. யூடியூப்ல ஆயிரம் வீடியோ இருக்கு.

சிவப்புக்குமிழ்

வராது, உண்மைதான். ஆனால் அது பூட்டை உடைத்ததாகாது, பின்வாசல் வழியாக வீட்டுக்குள் போன மாதிரி. பெயர் பட்டியலில் அப்படியேதான் இருக்கும். நாளைக்கு ஏதோ கோளாறு வந்து தங்கச்சி ஹாஸ்டலில் ரீசெட் கொடுத்தால், பரீட்சைக்கு முந்தின நாள் லோகோ வந்து நிற்கும். விற்கப் போனாலும் வாங்குகிறவர் தலையில் அதே இடி.

இன்னொன்று, இது ஒழுங்காகக் கழித்த மெஷினா, எங்கேயோ காணாமல் போன மெஷினா என்று இப்போது நமக்குத் தெரியாது. பெரும்பாலும் முதலாவதாகத்தான் இருக்கும். ஆனால் திருட்டுப் பொருள் என்று நம்பக் காரணம் இருந்தும் நேர்மையில்லாமல் வைத்துக்கொண்டால் அது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆம் பிரிவில் வரும். லோகோவைப் பார்த்த பிறகு "எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொல்ல முடியாது. பில்லோடு கடைக்குப் போவதுதான் எல்லா வகையிலும் பாதுகாப்பு.

பெங்குவின்பிரியன்

விண்டோஸுக்குப் பதில் இலவச லினக்ஸ் மின்ட் போடுங்கள். ஆட்டோபைலட் விண்டோஸின் சமாச்சாரம், மின்ட் யாருடைய மின்னஞ்சலையும் கேட்காது. டி480-க்கு லினக்ஸ் மாதிரி பொருத்தம் வேறு கிடையாது, வைஃபை, டச்பேட், பிரைட்னஸ் எல்லாம் போட்டவுடன் ஓடும்.

கரிசல்மண்

> லினக்ஸ் மின்ட் போடுங்கள்

டேலி பிரைம் ஓடுமா அண்ணே?

பெங்குவின்பிரியன்

நேரடியாக ஓடாது. லினக்ஸுக்குள் விண்டோஸ் மென்பொருளை ஓட்ட ஒயின், விர்ச்சுவல் மெஷின் என்று ஏதாவது செய்து...

சிவப்புக்குமிழ்

பி.காம் முதல் வருஷப் பிள்ளைக்கு விர்ச்சுவல் மெஷினா. விடுங்கள் ஐயா.

டீச்சரம்மா

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். பெங்குவின் தம்பியிடம் ஒரு கேள்வி. என்னிடம் ஆறாம் தலைமுறை ஐ5 லேப்டாப் இருக்கிறது, நாலு வருஷத்துக்கு முன் செகண்ட்ஹேண்டில் வாங்கியது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது, 11 போட முயன்றால் இந்த சிப் ஏற்காது என்கிறது. நான் செய்வதெல்லாம் வினாத்தாள் தட்டச்சு, யூடியூப், மின்னஞ்சல் மட்டும்தான். தமிழ்99 விசைப்பலகை இல்லாமல் எனக்கு ஒரு வரி ஓடாது. ரூஃபஸ் என்ற ஒன்றில் அந்தத் தடையை எடுத்துவிடலாம் என்று பள்ளியில் ஒரு சார் சொல்கிறார். செய்யலாமா?

பெங்குவின்பிரியன்

டீச்சர், உங்களுக்குத்தான் மின்ட். ரூஃபஸில் அந்தத் தடையை நீக்கி விண்டோஸ் 11 ஏற்றலாம், ஆறாம் தலைமுறையில் ஓடவும் ஓடும். (கோர் 2 டுயோ காலத்துச் சிப்புகளில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து பூட்டே ஆகாது, உங்களுடையது அவ்வளவு பழசு இல்லை.) ஆனால் அதிகாரபூர்வமாக ஏற்காத மெஷின் என்பதால் அப்டேட்டுக்கு மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தராது. ஒவ்வொரு பெரிய அப்டேட்டுக்கும் மறுபடி பென்டிரைவோடு உட்கார வேண்டி வரலாம்.

மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. முதலில் இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பாருங்கள், வைஃபை, ஒலி, பிரிண்டர் எல்லாம் வேலை செய்கிறதா என்று ஒரு மாலை பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம். தமிழ்99-க்கு ஐபஸ் என்ற தட்டச்சுக் கருவி, அதோடு எம்17என் என்ற தொகுப்பைப் போட்டால் பட்டியலில் தமிழ்99 வந்துவிடும். நான் இப்போது இதைத் தட்டுவதே அதில்தான்.

ஒன்றே ஒன்று, வினாத்தாள்களை வேர்டு ஃபைலாகப் பள்ளிக்கு அனுப்புவீர்கள் என்றால் மின்ட்டில் வேர்டுக்குப் பதில் இருக்கும் லிப்ரேஆபீஸில் அட்டவணைகள் சில நேரம் நகரும். பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால் தொல்லை இல்லை.

டீச்சரம்மா

பிடிஎஃப் அனுப்பினால் எங்கள் எச்எம் திருத்த முடியவில்லை என்பார். பரவாயில்லை, அவரோடு நான் சமாளித்துக்கொள்கிறேன். இந்த ஞாயிறு பென்டிரைவில் ஓட்டிப் பார்க்கிறேன். பழைய வினாத்தாள்கள் எல்லாம் டி டிரைவில் இருக்கின்றன, அவை போய்விடாது அல்லவா?

பெங்குவின்பிரியன்

டீச்சர், போய்விடும் என்றே நினைத்துக்கொண்டு முதலில் வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒரு பிரதி எடுங்கள். இன்ஸ்டாலரில் "முழு டிஸ்க்கையும் அழி" என்ற தேர்வு சி, டி என்று பார்க்காது.

வடமராட்சி

நான் யாழ்ப்பாணப் பக்கம். பாவிச்ச லப்டொப் வாங்குகிற ஆட்களுக்கு இன்னொரு பொறி இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். போன வருஷம் ஒரு திங்க்பேட் வாங்கினேன், விண்டோஸ் நல்லாய் ஓடினது. பிறகு மாற்றிப் போடுவம் என்று பென்டிரைவைச் செருகினால் அதிலிருந்து பூட் ஆகவே விடவில்லை. சரி, பயோஸுக்குள் (விண்டோஸுக்கு முன்னம் ஓடுகிற, மெஷினின் அடிப்படைச் செட்டிங்ஸ்) போய் மாற்றுவம் என்று எஃப்1 அடித்தால் பாஸ்வேர்ட் கேட்டது. சூப்பர்வைசர் பாஸ்வேர்ட். கடைக்காரப் பெடியன் மதர்போர்டில் இருக்கிற சின்ன பற்றரியைக் கழற்றி அரை மணித்தியாலம் வைத்துப் பார்த்தான், ஒன்றும் சரிவரவில்லை. திங்க்பேட்டில் அந்தப் பாஸ்வேர்ட் தனிச் சிப்பில் எழுதப்பட்டிருக்கும், பற்றரி கழற்றினாலும் போகாது. மதர்போர்டை மாற்றுங்கோ என்பதுதான் லெனோவோ சொல்லுகிற வழி. மதர்போர்ட் விலைக்கு இன்னொரு பழைய லப்டொப்பே வாங்கலாம்.

கடைசியில் அதே விண்டோஸோடு வைத்துப் பாவிக்கிறேன். அதற்குள் எனக்கு முன்னம் இருந்தவரின் கலியாணப் படங்கள் எல்லாம் கிடந்தது. அழித்துவிட்டேன், பார்க்கவே கூச்சமாய் இருந்தது.

பழையசரக்கு

யாழ்ப்பாணத்து அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. தம்பி கரிசல்மண், கடையில் வேறு பீஸ் கொடுத்தால் அங்கேயே நின்று பார்க்க வேண்டியதைச் சொல்கிறேன். கடைக்காரர் முறைப்பார், கண்டுகொள்ளாதீர்கள்.

ஆன் ஆனதும் எஃப்1, பயோஸ் பாஸ்வேர்டு கேட்காமல் திறக்க வேண்டும். உள்ளே செக்யூரிட்டி பக்கத்தில் அப்சொல்யூட் என்று ஒன்று இருக்கும், பழைய மெஷின்களில் கம்ப்யூட்ரேஸ் என்று இருக்கும். அது தொலைந்த லேப்டாப்பைத் தேடுவதற்குக் கம்பெனிகள் வைப்பது, விண்டோஸை அழித்தாலும் பயோஸிலிருந்து மறுபடி முளைக்கும். "டிஸேபிள்டு" அல்லது "பெர்மனென்ட்லி டிஸேபிள்டு" என்று இருந்தால் நல்லது. வேறு மாதிரி இருந்தால் அந்தப் பீஸே வேண்டாம்.

அப்புறம் உங்கள் பென்டிரைவைக் கையோடு கொண்டு போய் அங்கேயே விண்டோஸ் போடுங்கள். அதுவும் நெட்டோடு. கடை வைஃபை தர மாட்டார்கள், உங்கள் போனை யுஎஸ்பி வயரில் மாட்டி டெதரிங் போட்டால் போதும், வைஃபை டிரைவர் இல்லாத மெஷினில் கூட அது வேலை செய்யும். நாடு, கீபோர்டு கேட்ட பிறகு லோகோ எதுவும் வராமல் சாதாரணமாக "இது வீட்டுக்கா, அலுவலகத்துக்கா" என்று கேட்டால் மெஷின் சுத்தம். அதற்கு மேல் போக வேண்டியதில்லை, ஆஃப் செய்து பையில் போட்டுக்கொள்ளலாம்.

டெல் லாட்டிட்யூட் கொடுத்தால் இன்னொரு வம்பு வரலாம், இன்ஸ்டாலரில் டிஸ்க்கே தெரியாது. டிஸ்க் செத்துவிட்டது என்று பயந்துவிடாதீர்கள். பயோஸில் ஸ்டோரேஜ் ரெய்டு என்று இருக்கும், ஏஎச்சிஐ என்று மாற்றினால் தெரியும். பதினொன்றாம் தலைமுறையிலிருந்து விஎம்டி என்ற பெயரில் அதே கதை.

கரிசல்மண்

நாளைக்கு ராத்திரி வண்டி. பில் இருக்கிறது, வெறும் துண்டுச் சீட்டு, ஆனால் சீரியல் நம்பர் எழுதியிருக்கிறார்கள்.

சும்மாபடிப்பவன்

ஆல் த பெஸ்ட் நண்பா. போட்டோ போடுங்க.

கரிசல்மண்

வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பின்னால் தேடி வருகிறவர்களுக்கு உதவும்.

கடைக்காரர் முதலில் "நாங்க கொடுக்கும்போது நல்லாத்தானே இருந்துச்சு, நீங்க ஃபார்மட் பண்ணதாலதான் இப்படி" என்றார். எதிர்பார்த்ததுதான். கோபப்படாமல் அவர் மேஜையிலேயே மெஷினை வைத்து ஆன் செய்து லோகோவைக் காட்டினேன். பக்கத்தில் வேறு வாடிக்கையாளர்கள் இருவர் நின்று எட்டிப் பார்க்க ஆரம்பித்ததும் குரல் இறங்கியது. உள்ளேயிருந்து வயதான ஒருவர் வந்து பார்த்துவிட்டு "இந்த லாட்ல இன்னும் எத்தனை இருக்குன்னு பாருடா" என்று பையனிடம் சொன்னார். அவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. பணம் திருப்பித் தர மாட்டோம், வேறு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள்.

முதலில் தந்த டி480-யில் எஃப்1 அடித்ததும் பூட்டுப் படம் வந்தது, பாஸ்வேர்டு. வடமராட்சி அண்ணனை நினைத்துக்கொண்டு அப்படியே மூடித் தள்ளிவிட்டேன். இரண்டாவதில் பயோஸ் திறந்தது, அப்சொல்யூட் "பெர்மனென்ட்லி டிஸேபிள்டு". பென்டிரைவைச் செருகி, போனை வயரில் மாட்டி, ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். பையன் டீ வாங்கிக் கொடுத்தான், அதுவரை முறைத்தவன். நாற்பது நிமிஷத்தில் "வீட்டுக்கா, அலுவலகத்துக்கா" வந்தது. பழையசரக்கு அண்ணே, அந்த ஸ்க்ரீனைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவன் நானாகத்தான் இருப்பேன்.

வீட்டில் வந்து மற்றதைப் பார்த்தேன். ஆக்டிவேஷனுக்கு எந்தக் கீயும் கொடுக்கவில்லை, நெட்டில் மாட்டியதும் டிஜிட்டல் லைசென்ஸ் என்று தானாக வந்துவிட்டது, ப்ரோ. எஸ்எஸ்டியின் ஆரோக்கியம் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் 91 சதவீதம், ஓடியது 11,000 மணி நேரம். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் என்றால் 1,375 நாள், யாரோ நன்றாக உழைத்திருக்கிறார்கள். பேட்டரிதான் கொஞ்சம் இறக்கம். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று, இரண்டுமே 24 வாட்-மணி இருக்க வேண்டியது, உள்ளே 17, வெளியே 15.

சிவப்புக்குமிழ்

அருமை. லைசென்ஸ் அப்படித்தான் வரும். டி480 விண்டோஸ் 10 ப்ரோவோடு வெளிவந்திருந்தால் கீ பயோஸிலேயே எழுதப்பட்டிருக்கும், இன்ஸ்டாலர் தானாக எடுத்துக்கொள்ளும், 11-க்கும் அது செல்லும். இதைத் தெரியாமல்தான் கடைக்காரர்கள் கம்பெனிகளுக்கான எண்டர்பிரைஸ் பதிப்பைப் போட்டு ஆக்டிவேட்டரைத் தேடுகிறார்கள். சொந்தமாக நல்ல சாவி சட்டைப்பையில் இருக்கும்போது கள்ளச்சாவி. ஆனால் அடியில் விண்டோஸ் 7 ஸ்டிக்கர் ஒட்டிய ரொம்பப் பழைய மெஷின்களில் இந்தக் கதை நடக்காது, 7, 8 கீகளை வைத்து ஏறுகிற வழியை மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரிலேயே மூடிவிட்டது.

இரண்டு வேலை பாக்கி. வெளி பேட்டரியை மட்டும் பிறகு மாற்றுங்கள், ஸ்க்ரூ கழற்ற வேண்டியதில்லை, 72 வாட்-மணி வாங்கினால் லேப்டாப் பின்னால் கொஞ்சம் தூக்கி நிற்கும், ஆனால் நாள் முழுக்க வரும். இன்னொன்று முக்கியம், தண்டர்போல்ட் ஃபர்ம்வேர், அதாவது யுஎஸ்பி-சி போர்ட்டை இயக்கும் உள் மென்பொருள். இந்த மாடலில் பழைய ஃபர்ம்வேர் இருந்தால் யுஎஸ்பி-சி போர்ட் ஒருநாள் திடீரென்று வேலை செய்யாமல் போகலாம் என்று லெனோவோவே அவசர அப்டேட் விட்டது. சார்ஜ் ஏறுவதும் அந்தப் பக்கம்தான். லெனோவோ வான்டேஜ் செயலியைப் போட்டு அப்டேட் பாருங்கள். சார்ஜர் மாட்டியிருக்கட்டும், நடுவில் ஆஃப் செய்துவிடாதீர்கள்.

மைக்ரோசாஃப்ட் கணக்கில் உள்ளே போயிருந்தால் டிஸ்க் என்கிரிப்ஷன் (டிஸ்க்கில் இருப்பதைப் பூட்டி வைப்பது) தானாகவே ஆன் ஆகியிருக்கும். தங்கச்சி கணக்கில் போய் அந்த 48 இலக்க ரிகவரி கீ இருக்கிறதா என்று பார்த்து, ஒரு தாளில் எழுதி வீட்டில் வையுங்கள்.

கரிசல்மண்

ஃபர்ம்வேர் போட்டுவிட்டேன், இரண்டு நிமிஷம் உயிர் போய் உயிர் வந்தது. 48 இலக்கத்தைப் பழைய ரேஷன் கார்டு பின்னால் எழுதியிருக்கிறேன், அப்பா அதை மட்டும்தான் தொலைக்க மாட்டார். டேலி ஏற்றியாகிவிட்டது. தங்கச்சிக்கு ஒரே குறை, நடுவில் இருக்கிற அந்தச் சிவப்புக் குமிழ் எதற்கு என்று கேட்கிறாள். ரப்பர் தேய்ந்து வழவழவென்று இருக்கிறது.

சிவப்புக்குமிழ்

அதைப் பிய்த்து எறிந்துவிடாதீர்கள்! மவுஸ் மாதிரி அம்பை நகர்த்துவது அது. புது ரப்பர் தொப்பி என்னிடம் நாலு இருக்கிறது, ஒன்று கூரியரில் அனுப்புகிறேன். முகவரியைத் தனிச்செய்தியில் போடுங்கள்.

டீச்சரம்மா

பென்டிரைவில் மின்ட் ஓட்டிப் பார்த்தேன். எல்லாம் நன்றாக இருக்கிறது, பிரிண்டர் மட்டும் இரண்டு பக்கம் அடித்துவிட்டு மூன்றாவதில் நிற்கிறது. பெங்குவின் தம்பி, இருக்கிறீர்களா?